எகரத்தில் தொடங்கும் கால்நடைகள்: எருதும் எருமையும்

பள்ளியிற் சேர்ந்த பிள்ளைக்கு எகர எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் எலியின் படத்தைக் காட்டுவது வழக்கம். எலி நெல்லைத் தின்னும், வரப்பைத் துளைக்கும், குதிருக்குள் புகும். குடியானவனுக்கு அதனால் வருவது நஷ்டமே. அதே எழுத்தை முதலில் உடையனவாய், அவனது கொட்டிலில் நின்று அவனுக்கு உழைப்பும் பாலும் தருகின்ற பிராணிகள் இரண்டு உள. அவை எருதும் எருமையுமாம். அவ்விரண்டும் கொடுக்கும் எருவும் அவ்வெழுத்திலேயே தொடங்குகின்றது. இம்மூன்று சொற்களும் ஒரு வேரிற் பிறந்தனவா என்னும் ஆராய்ச்சி புலவர்க்குரியது. இம்மூன்று பொருள்களும் ஒன்றை விட்டு ஒன்று நில்லா என்பதை மட்டும் நிலமுடையார் மறத்தலாகாது.

இப்பொழுது இதனை எடுத்துரைக்க வேண்டிய காரணம் யாதெனில், தமிழ்நாட்டுக் கொட்டில்களினின்று இவ்விரு பிராணிகளும் விரைவாக நீங்கி வருகின்றன. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த எருமைகள் சுமார் 7.80 லட்சம். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கணக்கெடுப்பில் அவை 5.19 லட்சமாகக் குறைந்தன. அஃதாவது ஏழாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இந்தியா முழுவதிலுமோ அதே காலத்தில் எருமைகள் குறையவில்லை. சிறிது பெருகி ஏறக்குறைய 11 கோடியாயின. ஆகையால் இக்குறைவு எருமையின் குற்றத்தால் வந்ததன்று; நம் பராமரிப்பிலும் மேய்ச்சலிலும் ஏற்பட்ட குறைவால் வந்ததென்றே கொள்ளல் வேண்டும். உழவெருதுகளின் நிலையும் யாவரும் கண்கூடாகக் காண்பதே.

இவ்விரண்டையும் எந்நிலையில் வைத்துக் காத்தல் லாபகரமாகும், எவ்விதம் காத்தல் வேண்டும், எங்கே நாம் அறியாமல் நஷ்டமடைகின்றோம் என்பவற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாகக் கூறுவோம்.

எருது: ஜாதிகள்

எருது என்பது வேலைக்குரிய காளை. தமிழ்நாட்டு வேலை மாடுகளுட் காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்பன பேர்பெற்றவை. 1936-இல் லிட்டில்வுட் என்பார் தென்னிந்தியக் கால்நடைகளைப்பற்றி எழுதிய நூலிலும் இவற்றுட் பல விவரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஜாதியும் தான் பிறந்த நிலத்திற்கு இசைந்ததாகும். இதனைக் கருதாமல் சந்தையிற் கண்ணுக்கு அழகாகத் தோன்றியதை வாங்குவோர் பின்னர் வருந்துவதுண்டு.

காங்கய மாடு கொங்கு நாட்டின் மழை குறைந்த பகுதிக்குரியது. இக்கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து, சுமார் ஆறு மாதத்திற்குமேல் சாம்பல் நிறத்தை அடைகின்றன. பொலிகாளைகளுக்குத் திமிலும் முன் பின் பாகங்களும் கருமை கொள்ளும். காயடித்த எருதுகள் அக்கருமையை இழந்து வெளுக்கும். இம்மாடு சிறந்தோங்கியதற்குக் காரணம் அந்நாட்டுக் கொறங்காடு என்னும் அடைத்த மேய்ச்சல் நிலமே. கிளுவை முள்வேலியால் நாற்புறமும் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரங்களையும் வளர்த்து, ஒரு காட்டை மேய்த்தபின் அதற்கு ஓய்வு கொடுத்து மறுகாட்டிற்கு மாடுகளை மாற்றுவது அங்குள்ளார் வழக்கம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கியது நாடறிந்தது. மேய்ச்சல் நிலமே மாட்டின் ஜாதியை ஆக்குகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உம்பளச்சேரி மாடு காவிரியின் கழிமுகப் பகுதியாகிய நாகப்பட்டினம், திருவாரூர் ஜில்லாக்களுக்குரியது. உருவிற் சிறியது, ஆயினும் முழங்கால் ஆழச் சேற்றிலும் சலியாது நடக்கும். வேலைக்குரிய எருதுகளின் கொம்பைத் தீய்த்துவிடுவது அப்பகுதி வழக்கம். பர்கூர் மாடு ஈரோடு ஜில்லாவின் மலைப்பகுதியிற் பட்டிகளிலடைத்து வளர்க்கப்படுவது, செந்நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது, நடையில் விரைவுடையது. புலிக்குளம் மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் மந்தையாக மேய்ந்து, அறுவடையான வயல்களிற் கிடை அமர்த்தப்படுவது. ஆலம்பாடி இக்காலத்தில் அரிதாகிவிட்டது. ஒரு ஜாதி அழிந்தபின் அதனை மறுபடி உண்டாக்க எவராலும் இயலாது.

எருது யாருக்கு வேண்டும்?

டிராக்டர் வந்தபின் எருது வீண் செலவென்று கூறுவார் பலர். அதில் உண்மையும் உண்டு. சுமார் 400 கிலோ எடையுள்ள ஓர் எருது நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் ஏறக்குறைய 10 கிலோ தீவனம் தின்னும். ஒரு ஜோடிக்கு ஆண்டொன்றில் 7,300 கிலோ ஆகும். உழும் பத்து நாளைக்காக முந்நூற்றறுபத்தைந்து நாளும் இத்தீவனத்தை இடுவது லாபமன்று. ஆனால் உழவு ஒன்றே எருதின் வேலை என்று கணக்கிடுவது பிழை. மானாவாரி நிலத்தில் விதைப்புக் கலப்பை இழுத்தலும், கடலை பருத்தி முதலியவற்றின் வரிசைகளுக்கிடையே களைக்குண்டை ஓட்டுதலும், சேற்று வயலிற் பரம்படித்தலும், வண்டி இழுத்தலும், எருவைச் சுமந்து செல்லுதலும் எருது செய்யும் வேலைகளே. டிராக்டர் நுழையமுடியாத சிறு தாக்குகளிலும் ஈரமிகுந்த நிலங்களிலும் எருதே வேலைக்குதவும்.

ஆகையால் நிலமுடையார் ஒவ்வொருவரும் சென்ற ஆண்டில் தம் எருதுகள் எத்தனை நாள் வேலை செய்தன, அவ்வேலைகளுக்கு வாடகை கொடுத்திருப்பின் எவ்வளவாகியிருக்கும், கிடைத்த எரு எத்தனை வண்டி என்பவற்றை ஒரு தாளில் எழுதிப்பார்த்தல் நன்று. கணக்கு நஷ்டமாயின், அண்டை நிலத்தாருடன் ஆளுக்கோர் எருதாகக் கூட்டு ஏர் கட்டலாம். இது நம்மவர்க்குப் புதிய ஏற்பாடன்று.

வாங்குதலும் வேலை வாங்குதலும்

எருது வாங்குவோர் முதலிற் பல்லைப் பார்த்தல் வேண்டும். கீழ்த்தாடையின் முன்வாய்ப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைக்கும். இரண்டு பல் சுமார் இரண்டு வயதிலும், நான்கு பல் இரண்டரை வயதையொட்டியும், ஆறு பல் மூன்று வயதுக்குமேலும், எட்டுப் பல்லாகிக் கடை சேர்தல் நான்கு வயதையொட்டியும் நிகழும். எருமைக்கு இவை சற்றுத் தாழ்த்தே வரும். கொம்பின் வளையங்களைக்கொண்டு வயது சொல்வதுமுண்டு. ஆனால் சந்தையிற் கொம்பைச் சீவி வளையத்தை மறைப்பார் உளராதலின் பல்லையே நம்புக. பின்னர் எருதைச் சிறிது தூரம் நடத்திக் கால் தாங்குகின்றதா எனவும், கழுத்தில் நுகத்தடிப் புண்ணின் தழும்பு உண்டா எனவும், கண்ணும் குளம்பும் செம்மையா எனவும் நோக்குக.

மூன்று வயதுக்குமுன் கடின வேலைக்குப் பூட்டலாகாது. காயடிப்பதற்குக் கல்லால் நசுக்கும் பழைய வழக்கம் கொடியது. புண்ணும் அபாயமும் விளைப்பது. கால்நடை ஆஸ்பத்திரியிற் பர்டிசோ என்னும் இடுக்கியால் இரத்தமின்றி இதனைச் செய்விக்கலாம். வேலையைக் காலையிலும் பிற்பகலிலுமாக இரு பொழுதாகப் பிரித்து, நடுப்பகல் வெயிலில் நிழலும் தண்ணீரும் அளித்து அசைபோட விடுதல் வேண்டும். ஜோடி எருதுகள் உயரத்திலும் நடையிலும் ஒத்திருத்தல் அவசியம். ஒவ்வாத ஜோடியிற் பாரமெல்லாம் ஒன்றன் கழுத்திலேயே விழும். புண் அதனாலேயே உண்டாகின்றது. புண்பட்ட கழுத்தில் நுகம் வைப்பது எருதுக்குத் துன்பம், வேலையும் பாதியாகும்.

மற்றொரு பெரும்பிழை உண்டு. மந்தையிற் சிறந்த காளைக்கன்றை நல்ல விலைக்கு வருமென்று காயடித்து விற்றுவிட்டு, விலைபோகாத சோனிக்கன்றை ஊரில் அலையவிடுகின்றோம். ஊர்ப்பசுக்கள் அதனாலேயே சினைப்படுகின்றன. இவ்விதம் பத்தாண்டு நடந்தால் எந்த ஜாதியும் சீரழியும். சிறந்ததைப் பொலிகாளையாக நிறுத்தி, எஞ்சியவற்றைக் காயடித்தலே முறையாகும்.

எருமை: அதன் இயல்பு

எருமையைக் கறுப்புப் பசுவென்று எண்ணுவார் உளர். அது பிழை. இரண்டும் வெவ்வேறு இனம். ஒன்றோடொன்று கலந்து கன்று ஈனமாட்டா. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள். எருமையின் கருந்தோல் வெயிலின் வெப்பத்தை மிகுதியாக ஏற்கின்றது; வியர்வைச் சுரப்பிகளோ பசுவைவிட மிகக் குறைவு. ஆதலின் அது நீரிலும் சேற்றிலும் புரளுவது சோம்பலாலன்று. உடற்சூட்டைத் தணித்து உயிரைக் காத்துக்கொள்வதற்கேயாம். ஊர்க்குட்டை தூர்ந்துபோன கிராமத்தில் எருமை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டை இல்லாதவர் வெயிற்காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை எருமைமேல் தண்ணீர் ஊற்றி, நிழலில் நிறுத்துதல் வேண்டும். இதனாற் பால் குறையாதிருப்பதுடன் சினைப்பிடித்தலும் எளிதாகும்.

எருமைப்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 6 முதல் 8 பங்குவரை உண்டு. பசுவின் பாலிற் பெரும்பாலும் 3.5 முதல் 4.5 வரையே. பாலின் கொழுப்பையும் மற்றச் சத்தையும் அளந்து விலை தரும் சங்கங்களில் எருமைப்பாலுக்கு லிட்டருக்கு மிகுந்த விலை கிடைக்கும். நெய்க்கும் தயிருக்கும் அதுவே ஏற்றது. இந்நாட்டிற் கறக்கும் பாலில் ஏறக்குறையப் பாதி எருமையாலேயே கிடைக்கின்றது. மேலும் நெல் வைக்கோல், சோளத்தட்டை போன்ற முரட்டுத் தீவனத்தைச் செரித்துப் பாலாக்குவதில் எருமை வல்லது.

எருமை ஜாதிகளுட் கறவைக்குச் சிறந்தது முரா. இது ஹரியானாவின் ரோடக், ஹிஸார், ஜிந்து முதலிய பகுதிகளுக்குரியது. உடல் மிகக் கறுத்து, கொம்பு இறுகச் சுருண்டிருக்கும். நம் நாட்டெருமையை முராக் கடாவின் வித்தால் சினைப்படுத்தினால், முதற்றலைமுறையில் அரைப்பங்கும், இரண்டாவதில் முக்காற்பங்கும், மூன்றாவதில் எட்டில் ஏழு பங்கும், நான்காவதிற் பதினாறிற் பதினைந்து பங்கும் முரா இரத்தம் சேரும். ஜாதி குறிக்கப்படாத எருமைகளை உயர்த்துவதற்கு இதுவே வழி. ஆனால் நீலகிரியின் தோடர் எருமையையும் பர்கூர் மலையெருமையையும் இவ்விதம் கலத்தலாகாது. பிறைபோல் அகன்ற கொம்புடைய தோடர் எருமை இன்று சில ஆயிரமே உள. மலையின் குளிரையும் மழையையும் மேய்ச்சலையும் தாங்கும் இவ்வினங்களைத் தூய்மையாகவே காத்தல் வேண்டும்.

சினைப்பருவத்தை அறிதல்

எருமை வளர்ப்போர் பெரிதும் நஷ்டமடைவது இவ்விஷயத்திலேயாம். பசு பருவம் வந்தால் ஊரறியக் கத்தும், பிறவற்றின்மேல் ஏறும். எருமையோ பலகால் ஊமைபோல் நிற்கும். அடிக்கடி சிறுநீர் விடுதல், வாலைச் சற்றே தூக்கி நிற்றல், பால் திடீரெனக் குறைதல், கண்ணாடிபோன்ற கோழை சிறிதளவு ஒழுகுதல் ஆகிய இவையே அடையாளங்கள். இவையும் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் தோன்றி மறையும். ஆகையால் நாள்தோறும் விடியலிலும், இரவு படுக்கச் செல்லுமுன்னும் ஒருமுறை கொட்டிலுக்குச் சென்று பார்த்தல் வேண்டும். காலையிற் பருவம் கண்டால் மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட்காலையிலும் சினைப்படுத்துக.

ஒரு பருவம் தவறினால் மறுபருவம் வர சுமார் 21 நாளாகும். நான்கு பருவம் தவறினால் மூன்று மாதத் தீவனம் பயனின்றிப் போயிற்று. பல எருமைகள் பதினைந்து அல்லது பதினெட்டு மாதத்திற்கு ஒருமுறையே ஈனுவதற்கு இக்கவனக்குறைவும் தாது உப்புக் குறைவுமே பெருங்காரணங்களாம். சினைப்படுத்தி இரண்டு மூன்று மாதத்திற்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டிச் சினை நின்றதா என்று உறுதிசெய்துகொள்க.

எருமைக்கன்றின் சாவு

ஈன்ற எருமைகளின் கன்றுகளுட் பல, மூன்று மாதம் நிரம்புமுன்னே இறக்கின்றன. கடாக்கன்றாயின் கேட்பாரும் இல்லை. பாலைச் சேமிப்பதாக எண்ணிக் கன்றைப் பட்டினி போடுவோர் கீழ்க்காணும் கணக்கை நோக்குவாராக.

நாளுக்குச் சராசரி 6 லிட்டராக 300 நாள் கறக்கும் எருமை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,800 லிட்டர். கன்றுக்கு முதல் மாதம் நாளுக்கு 3 லிட்டரும், இரண்டாம் மாதம் 2 லிட்டரும், மூன்றாம் மாதம் 1 லிட்டரும் விட்டால் ஆவது 180 லிட்டர். அஃதாவது பத்தில் ஒரு பங்கு. எருமையோ கன்றைக் கண்டாலன்றிப் பாலிறக்காத இயல்புடையது. கன்று இறந்தபின் அது பாலை மறைத்து, ஐந்தாம் மாதத்திலேயே வற்றிவிடுமானால் போவது ஏறக்குறைய அரைப்பங்கு. பத்தில் ஒன்றைக் காக்கப்போய்ப் பாதியை இழக்கின்றோம். வருங்காலக் கறவைக் கிடாரியும் போகின்றது. கன்று இறந்தபின் தோலில் வைக்கோல் திணித்துக் காட்டுவதும், பாலிறங்க மருந்து குத்துவதும் சிலர் கையாளும் வழிகள். பாலைப் பெருக்கவேண்டி உடலுக்குக் கேடு செய்யும் மருந்து குத்துதல் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

கன்றைக் காப்பதற்கு வேண்டியவை சிலவே. பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையைத் துடைத்து, தொப்புட்கொடியைச் சுத்தமான கத்தியால் வெட்டி அயோடின் தடவுக. பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பாலை ஊட்டுக. நஞ்சுக்கொடி விழட்டுமென்று காத்திருப்பது தவறு. கன்றுக்கு நோயை எதிர்க்கும் வலிமை சீம்பாலினின்றே கிடைக்கின்றது. நேரம் செல்லச் செல்ல அதனைக் குடல் ஏற்பது குறைந்துவிடும். நாளொன்றுக்குக் கன்றின் எடையிற் பத்தில் ஒரு பங்கு பால் தேவை.

அடுத்தது குடற்புழு. எருமைக்கன்றைக் கொல்லும் உருண்டைப்புழு தாயின் பாலின் வழியாகவே கன்றை அடைகின்றது. ஆகையாற் கொட்டில் எவ்வளவு சுத்தமாயிருப்பினும் புழு வரும். வயிறு பருத்தல், களிமண்போன்ற நாற்றமுள்ள கழிச்சல், மயிர் சிலிர்த்து மெலிதல் ஆகியவை குறிகள். பிறந்த 10-ஆம் நாளுக்கும் 16-ஆம் நாளுக்கும் இடையிற் கால்நடை வைத்தியர் கூறும் அளவிற் பைபரஸீன் மருந்தை முதன்முறை கொடுத்து, பின்னர் ஆறு மாதம்வரை மாதந்தோறும் கொடுத்துவருக. அற்ப விலையுள்ள இம்மருந்தைக் கொடாமையால் இழந்த கன்றுகள் அளவிறந்தன.

தீவனம்

கறவை எருமைக்கு நாளொன்றுக்குப் பசுந்தீவனம் 25 முதல் 30 கிலோவும், வைக்கோல் அல்லது தட்டை 5 முதல் 6 கிலோவும் வேண்டும். உடலைக் காக்க அடர்தீவனம் ஒன்றரை முதல் இரண்டு கிலோவும், அதற்குமேற் கறக்கும் ஒவ்வோர் இரண்டு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் இடுக. தவிடு, கடலைப் பிண்ணாக்கு, பருத்திவிதை, உடைத்த சோளம் முதலியவற்றைக் கலந்து, தாது உப்பும் சேர்த்தல் வேண்டும். சினைமாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் பால் வற்றவிட்டு நன்கு ஊட்டுக; அவ்வூட்டம் அடுத்த ஈற்றின் பாலிற் காணப்படும்.

வைக்கோல் ஒன்றையே நம்புவோர் அதனை யூரியாவாற் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரிற் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி மூடி 21 நாள் வைத்தல் வேண்டும். பின்னர் எடுத்துச் சிறிது நேரம் காற்றாட விட்டு, முதலிற் சிறிதாகத் தொடங்கிப் பழக்குக. இதனால் வைக்கோல் மிருதுவாகிச் செரிமானமும் புரதமும் பெருகும். யூரியாவைத் தண்ணீரிற் கலந்து நேரே குடிக்கவிடுதலும், ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுக்கு இவ்வைக்கோலை இடுதலும் கூடா, உயிருக்கு அபாயம்.

நோய்கள்

ஒருகாலத்தில் மந்தைமந்தையாக மாடுகளை மாய்த்த வெக்கை நோய் 1995-க்குப் பின் இந்நாட்டில் தோன்றவில்லை. 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியை விடாது குத்தியதன் பயன் இது. எஞ்சிய நோய்களுக்கும் இதே வழியைக் கையாளுதல் வேண்டும்.

கோமாரி கண்ட எருது பிழைப்பினும் வெயிலில் இளைத்து, முன்போல் உழைக்கமாட்டாது. எருமையின் பால் குறையும். 2019 முதல் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி இடப்படுகின்றது. அதனுடன் நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கும் ஊசியிடுகின்றனர். தொண்டை அடைப்பான் எருமையை மிகுதியாகத் தாக்கும். கடுங்காய்ச்சலும் தொண்டை வீக்கமும் மூச்சுத்திணறலும் கண்டு ஓரிரு நாளில் மாளும். மழைக்காலம் தொடங்குமுன்னே தடுப்பூசி இடல் வேண்டும். நோய் கண்டபின் ஓடுவதாற் பயன் சிறிது.

முன்னறிகுறியின்றித் திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருநிற இரத்தம் கசியுமானால் அது அடைப்பான் நோயாயிருக்கலாம். அவ்வுடலை அறுத்தலும் தோலுரித்தலும் கூடா. அந்நோய் மனிதரையும் பற்றும்; அதன் வித்து மண்ணிற் பல்லாண்டு கெடாது கிடக்கும். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்து, ஆறடி ஆழத்திற்குக் குறையாத குழியிற் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல் வேண்டும்.

எரு

எருதும் எருமையும் வேலையும் பாலும் தராத நாளுண்டு. எருத் தராத நாளில்லை. ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணமிடுவதாகக் குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 3,650 கிலோ ஆகும். மூன்று மாடுகளின் சாணம் ஏறக்குறைய 11 டன். மக்கியபின் பாதியாகச் சுருங்கினாலும், ஓர் ஏக்கருக்கு இடவேண்டிய 5 டன் தொழுவுரம் கிடைக்கும். நன்றாக மக்கிய தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து உண்டு. 5 டன்னில் 25 கிலோ. இது 54 கிலோ யூரியாவிலுள்ள தழைச்சத்துக்குச் சமம். அனைத்தும் முதற்போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. மண்ணில் நின்று மெல்ல மெல்லக் கிடைக்கும். ஆனால் மண்ணை மிருதுவாக்கி ஈரத்தை நிறுத்தும் குணம் மூட்டையிலுள்ள உரத்திற்கு இல்லை.

இச்செல்வத்தை நாம் மூன்று விதமாக இழக்கின்றோம். முதலாவது, மூத்திரம். தழைச்சத்தும் சாம்பற்சத்தும் சாணத்தினும் மூத்திரத்தில் மிகுதி. அதுவோ கொட்டிலின் மண்ணில் ஊறிப்போகின்றது. மாட்டின்கீழ்க் கூளத்தையோ உலர்ந்த மண்ணையோ பரப்பி, நனைந்ததை நாள்தோறும் வாரி எருக்குழியிலிடுக. இரண்டாவது, வறட்டி. எரித்தபின் எஞ்சுவது சாம்பலே. அடுப்புக்கு வேண்டுவோர் சாண எரிவாயுக் கலம் அமைத்தால், வாயுவும் கிடைக்கும். வெளிவரும் கரைசலில் எருவின் சத்தும் நிற்கும். மூன்றாவது, குப்பைமேடு. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மேட்டினின்று சத்து காற்றிலும் நீரிலும் போகும். 20 முதல் 25 அடி நீளமும், 5 முதல் 6 அடி அகலமும், 3 அடி ஆழமுமுள்ள குழி வெட்டி, ஒரு முனையிலிருந்து நிரப்பி வருக. தரைக்குமேல் ஒன்றரையடி உயர்ந்தவுடன் அப்பகுதியைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி மூடுக. நான்கைந்து மாதத்தில் எரு ஆயத்தமாகும். வயலிற் சிறு குவியல்களாகக் கொட்டி வாரக்கணக்கில் உலரவிடாமல், பரப்பியவுடன் உழுது மூடுதல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர் செய்யத்தக்கவை

தனி மனிதராற் செய்யமுடியாதவை சில உள. மேய்ச்சற் புறம்போக்கு நிலங்களை ஆக்கிரமிப்பினின்று காத்தல், ஊர்க்குட்டையைத் தூர்வாரி எருமைகள் இறங்கச் சரிவு விடுதல், தடுப்பூசி போடவரும் நாளை முன்னரே ஊரறியச் செய்து எல்லா மாடுகளையும் ஓரிடத்திற் சேர்த்தல், தொற்றுநோய் கண்டால் தாமதியாது அறிவித்தல், உதவாக் காளைகளைக் காயடிக்க ஏற்பாடு செய்து ஊருக்கு ஒரு நல்ல பொலிகாளையை நிறுத்துதல், கால்நடைக் கணக்கெடுப்பில் எருது எருமை இவற்றின் எண்ணையும் ஜாதியையும் பிழையின்றி எழுதுவித்தல் ஆகிய இவை அவர்கள் பொறுப்பிலுள்ளவை. கணக்கிற் பிழையிருப்பின் மருந்தும் ஊசியும் அளவாக வந்துசேரா.

முடிவுரை

ஊரிலுள்ள ஒவ்வொருவரும் ஏர் பூட்டவேண்டும் என்று இங்குக் கூறவில்லை. எருது வேண்டுமா என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்க. வைத்துக்கொண்டால் ஜாதியறிந்து வைத்துக்கொள்க. எருமையைக் கைவிடுமுன், அதன் கன்றுக்குச் சீம்பாலும் புழுமருந்தும் கொடுத்தோமா, விடியலில் எழுந்து அதன் பருவத்தைப் பார்த்தோமா, வெயிலில் அதற்கு நிழலும் நீரும் தந்தோமா என்று தம்மையே கேட்டுக்கொள்க. இம்மூன்றும் செய்த கொட்டிலில் எருமை நஷ்டம் தருவது அரிது. எருக்குழியை மட்டும் எவரும் ஒத்திவைத்தல் வேண்டா. ஒரு மாடு உடையவரும் இம்மாதமே அதனை வெட்டலாம். வெட்டினால் அடுத்த போகத்திற்குள் அதன் எரு வயலுக்குப் போய்ச்சேரும்.